உத்தரவு போட ஆளில்லாத சபைகள்: பாப்டிஸ்டுகள் மிஷன் பணிக்கு ஒருவரையொருவர் எப்படித் தூண்டுகிறார்கள்?

பாப்டிஸ்ட் வட்டாரத்தில் கொஞ்ச நாள் பழகினால் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். சபைகளை மிஷன் பணிக்கு ஊக்கப்படுத்த வேண்டும், சோர்ந்த சபைகள் புதுப்பிக்கப்பட வேண்டும், புதிய சபைகள் நாட்டப்பட வேண்டும். மாநாட்டு அழைப்பிதழ், சங்கத்தின் (பல சபைகள் விரும்பிச் சேர்ந்த கூட்டமைப்பின்) ஆண்டறிக்கை, ஜெபக்குறிப்பு என எதிலும் இது இருக்கும். புதிதாகக் கேட்பவருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. ஏன் இவ்வளவு ஊக்கம்? தலைமை கூடி முடிவெடுத்து, "வரும் ஆண்டில் பத்துப் புதிய சபைகள்" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வேலை முடிந்ததே?

அப்படிச் சுற்றறிக்கை அனுப்பும் அதிகாரம் படைத்த தலைமை பாப்டிஸ்டுகளிடம் கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பாப்டிஸ்ட் சபை என்பது தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு, முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்துகொண்டு கூடும் சபை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. பேராயர் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுப்பது, காணிக்கையை எங்கே செலவிடுவது, யாரை அங்கத்தினராகச் சேர்ப்பது என்பதையெல்லாம் அந்தந்தச் சபையின் அங்கத்தினர் கூட்டமே தீர்மானிக்கிறது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஆங்கிலேயர் சிலர் ஜான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் ஆகியோர் தலைமையில் தொடங்கியதை முதல் பாப்டிஸ்ட் சபை என்பார்கள். 1612 வாக்கில் ஹெல்விஸ் தன் குழுவோடு இங்கிலாந்து திரும்பி, லண்டனை ஒட்டிய ஸ்பிட்டல்பீல்ட்ஸில் ஒரு சபையை நிறுவினார். அரசன் மனிதன்தான், மனிதரின் ஆத்துமாவின்மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். அரசனுக்கே இல்லாத அதிகாரத்தை இப்படிப்பட்டவர்கள் ஒரு தலைமை அலுவலகத்துக்குக் கொடுத்திருப்பார்களா?

இந்தச் சுதந்திரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. புதிய சபை தொடங்க மேலிடத்து அனுமதி வேண்டியதில்லை. விசுவாசிகள் சிலர் உடன்படிக்கை செய்துகொண்டால் போதும், அது முழுமையான சபைதான். ஆனால் ஒரு சபை கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து யாரும் அதை அசைக்க முடியாது. கேட்கலாம், ஜெபிக்கலாம், எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம். பாப்டிஸ்ட் வரலாற்றில் நடந்த பெரிய காரியங்கள் பலவும் இப்படிப் பேசிப் பேசி நடந்தவைதான்.

மூன்று சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மிஷன் என்றால் சபை தன் எல்லைக்கு அப்பால் நற்செய்தியைக் கொண்டுசெல்வது. அது கடல் கடந்தும் இருக்கலாம், அடுத்த தெருவாகவும் இருக்கலாம். புதுப்பித்தல் என்றால் ஏற்கெனவே இருக்கும் சபை தன் அழைப்பை மறுபடி கண்டுகொள்வது. சபை நாட்டுதல் என்றால் சபையே இல்லாத இடத்தில், அல்லது இருக்கும் சபைகள் எட்டாத மக்கள் நடுவில், புதிய சபை ஒன்று காலூன்றச் செய்வது. தாளில் இவை மூன்று தனித்தனித் தலைப்புகள். நடைமுறையில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

எட்டு ஆண்டுகளில் நடந்த மாற்றம்

மிஷன் வரலாறு பேசுபவர்கள் பொதுவாக 1792இல், பின்னர் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்த ஆங்கிலேயர் வில்லியம் கேரியிடமிருந்து தொடங்குவார்கள். எனக்கு 1784தான் முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காலத்து ஆங்கிலேய பர்டிகுலர் பாப்டிஸ்ட் சபைகளில் (தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காகவே கிறிஸ்து மரித்தார் என்று நம்பியவை) பல வாடிப்போயிருந்தன. தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே இரட்சிப்பார், எல்லாரையும் பார்த்து "மனந்திரும்புங்கள், விசுவாசியுங்கள்" என்று போதகர் அழைப்பது சரியல்ல என்ற கருத்து வேரூன்றியிருந்தது. அழைக்கவே கூடாது என்று நினைக்கும் சபை மிஷனரியை எங்கே அனுப்பும்?

1784 ஜூனில் நாட்டிங்காமில் கூடிய, அந்த வட்டார பாப்டிஸ்ட் சபைகளின் நார்தாம்ப்டன்ஷயர் சங்கத்தில் ஆல்னி ஊர்ப் போதகர் ஜான் சட்கிளிஃப் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலை ஒரு மணி நேரம் சபைகள் கூடி ஜெபிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தங்கள் சபைக்காக மட்டும் ஜெபிக்கக் கூடாது. மற்றப் பிரிவினரின் சபைகளுக்காகவும், பூமியின் தொலைதூர இடங்களுக்கு நற்செய்தி பரவுவதற்காகவும் ஜெபிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் சில பத்தாண்டுகளுக்கு முன் எழுதியிருந்த ஒரு சிறுநூல் அப்போதுதான் இவர்கள் கைக்கு வந்திருந்தது. பொறி அங்கிருந்துதான் வந்தது. சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அடுத்த ஆண்டு, 1785இல், கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர் ஒரு நூல் வெளியிட்டார். நற்செய்தியை விசுவாசிப்பது கேட்கும் ஒவ்வொருவரின் கடமை, ஆகவே எல்லாரையும் அழைப்பது போதகரின் கடமை என்று அதில் வாதிட்டார். ஜெபம் மனதை இளக்கியது என்றால் இந்த நூல் சிந்தனையில் இருந்த முட்டுக்கட்டையை எடுத்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் செருப்புத் தைக்கும் தொழில் தெரிந்த இளம் போதகர் கேரியின் பேச்சுக்குக் கேட்க ஆள் கிடைத்தது. கேரி 1792இல் ஒரு சிறுநூல் எழுதினார். உலக நாடுகளின் பரப்பு, மக்கள்தொகை, மதம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அதில் காட்டினார். அதே ஆண்டு மே மாதம் நாட்டிங்காமில் ஏசாயா 54ஆம் அதிகாரத்தில் வரும் "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு" என்ற பகுதியை வைத்துப் பிரசங்கித்தார். அக்டோபர் 2ஆம் தேதி கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டில் சிறு கூட்டம் கூடி, பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது. அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். ஒரு கண்டத்துக்கு ஆள் அனுப்ப இது எந்தக் கணக்கிலும் போதாது.

இங்கே ஒரு கதை சொல்வார்கள். கேரி ஒரு கூட்டத்தில் மிஷன் பற்றிப் பேச எழுந்தபோது மூத்த போதகர் ஜான் ரைலண்ட், "உட்காரு தம்பி, தேவன் விரும்பினால் உன் உதவி இல்லாமலே செய்வார்" என்று அடக்கினாராம். பிரசங்கங்களில் சலிக்காமல் வரும் கதை இது. ரைலண்டின் சொந்த மகனே இதை ஏற்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கதை போனாலும் காலத்தின் மனநிலை அப்படித்தான் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஜெபக்கூட்டம், இறையியல் திருத்தம், அப்புறம் மிஷன் சங்கம் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். புதுப்பித்தல் முதலில் வந்தது. ஆனால் சபைகள் எல்லாம் முழுமையாகப் புதுப்பிக்கப்படட்டும், பிறகு வெளியே பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவும் இல்லை. "முதலில் நம் வீட்டைச் சரிசெய்வோம்" என்று சொல்லும் சபையில் அந்த வேலை பெரும்பாலும் ஒருநாளும் முடிவதில்லை.

கயிற்றைப் பிடித்தவர்கள்

கேரி 1793இல் வங்காளம் வந்து சேர்ந்தார். ஃபுல்லர் பிற்பாடு சொன்ன ஒப்புமை புகழ்பெற்றது: ஆழம் தெரியாத சுரங்கத்தில் கேரி இறங்குகிறார், மேலே இருப்பவர்கள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபுல்லர் 1815இல் சாகும்வரை சங்கத்தின் செயலாளராக இருந்து கயிற்றைப் பிடித்தார். ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார், ஸ்காட்லாந்துக்கே ஐந்து முறை போனார். கூடவே தன் சபையையும் மேய்த்தார். போகிறவரை ஊக்கப்படுத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறவர்களை ஆண்டுக்கணக்கில் ஊக்கத்தோடு வைத்திருப்பது. முதல் விசுவாசியான கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் 28ஆம் தேதி. ஏழு ஆண்டுகள்! முதல் அறுவடையைக் காண இவ்வளவு காலம் பொறுக்கும் மிஷன் குழு எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார், கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். வந்த அடுத்த ஆண்டே மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது, 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. மிஷன் ஊக்கப் பிரசங்கங்களில் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். ஊழியரை அனுப்பும் சபை அவர் மனைவி பிள்ளைகளின் சம்மதம், உடல்நலம், படிப்பு, ஓய்வு இவற்றையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அது பாதிக் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறது.

சங்கமே இல்லாமல் போனவர்

கேரிக்குப் பத்தாண்டு முன்பே ஒரு பாப்டிஸ்ட் கடல் கடந்து போய்விட்டார். ஜார்ஜ் லைல் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். 1783இல் ஜமைக்காவுக்குப் போனார். பயணக் கடனைத் தீர்க்க அங்கே வேலை செய்தார், கிங்ஸ்டனில் அடிமைகள் நடுவே பிரசங்கித்தார், சபை நாட்டினார். அனுப்பிய சங்கம் இல்லை, சம்பளம் இல்லை. புறப்படுவதற்கு முன் அவர் ஞானஸ்நானம் கொடுத்த ஆண்ட்ரூ பிரையன் பின்னர் சவானாவில் ஒரு சபையைக் கட்டினார்.

ஜமைக்காவின் கதை அதோடு நிற்கவில்லை. அங்கிருந்த சபைகள் உதவி கேட்க, 1814இல் இங்கிலாந்துச் சங்கம் மிஷனரியை அனுப்பியது. 1842இல் ஜமைக்கா பாப்டிஸ்டுகள் இனி சங்கத்தின் பணம் வேண்டாம், சொந்தக் காலில் நிற்கிறோம் என்றார்கள். அடிமைத்தனம் ஒழிந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. அதே கையோடு தாங்களே ஒரு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜோசப் மெரிக் போன்ற ஜமைக்கா ஊழியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய கேமரூன் கரைவரை போனார்கள். ஒரு சபை எப்போது முதிர்ச்சி அடைகிறது என்று என்னைக் கேட்டால், கட்டடத்தையோ தலைக்கணக்கையோ பார்க்க மாட்டேன், அது யாரை அனுப்பியிருக்கிறது என்று பார்ப்பேன்.

எதிர்த்தவர்களும் பாப்டிஸ்டுகளே

ஊக்கம் எல்லாரையும் தொடுவதில்லை. 1832இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிளாக் ராக் என்ற இடத்தில் கூடிய ஒரு பாப்டிஸ்ட் குழு மிஷன் சங்கங்கள், ஞாயிறு பள்ளிகள், இறையியல் கல்லூரிகள் எல்லாவற்றையும் எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. வேதத்தில் சபை மட்டும்தானே இருக்கிறது, பணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகும் சங்கம் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்று இன்றும் வழங்கும் பிரிவு அந்த ஓட்டத்தில் வந்தது.

அவர்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது அந்தியோகியா சபை. உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. சபைகளால் தனியே முடியாததைச் சேர்ந்து செய்யும் கருவியாகச் சங்கம் இருக்கும்வரை நல்லது. "மிஷனா? அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு காணிக்கை கொடுத்துவிடுகிறோம்" என்று சபை கையைக் கழுவ ஆரம்பித்தால், பிளாக் ராக்கில் கூடியவர்கள் பயந்தது பலித்துவிட்டது என்று அர்த்தம்.

சோர்ந்த சபையில் என்ன செய்யலாம்?

எழுப்புதலை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. தேதி குறித்து, பேனர் கட்டி, மேடை போட்டால் கூட்டம்தான் நடக்கும். ஆனால் சபை தன்னை நேர்மையாகப் பார்த்துக்கொள்வது மனிதர் கையில் இருக்கிறது. நல்ல சங்கச் செயலாளர்கள் இங்கேதான் உதவுவார்கள்.

சோர்வைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு ஒன்றும் வேண்டாம். கடந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கையும் அங்கத்தினர் கூட்டத்தின் குறிப்பேட்டையும் மேசைமேல் வையுங்கள். காணிக்கையில் எவ்வளவு சபையின் மதிலுக்கு வெளியே போனது? கூட்டங்களில் பேசிய நேரத்தில் எவ்வளவு கட்டடம், சொத்து, பதவித் தேர்தல் பற்றியது? கடந்த மூன்று ஆண்டுகளில் ஞானஸ்நானம் எடுத்தவர்களில் அங்கத்தினர்களின் பிள்ளைகள் அல்லாதவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தாலே பேச்சு மாறிவிடும். போதகரைக் குறைசொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இல்லாவிட்டால் வேறு சண்டைதான் தொடங்கும்.

அதன்பின் செய்ய வேண்டியவை பழைய காரியங்களே. சபையின் உடன்படிக்கையை எடுத்துச் சேர்ந்து வாசிப்பது, பேர்ப்பதிவேட்டில் மட்டும் வாழும் அங்கத்தினர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, சபைக்கு வெளியே உள்ளவர்களுக்காகப் பேர் சொல்லி ஜெபிப்பது, நீண்ட நாள் பகையைப் பேசித் தீர்ப்பது. கடைசியாகச் சொன்னதில்தான் பல சபைகள் தடுக்கி விழுகின்றன. இரண்டு குடும்பங்கள் பத்து வருடமாகப் பேசாத சபைக்குப் புதியவர்களை அழைத்து வந்து என்ன பயன்?

சில சபைகள் மீளாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அங்கத்தினர் குறைந்த நிலையில் சபையைக் கௌரவமாக நிறைவுசெய்து, கட்டடத்தை ஒரு புதிய சபைக்கோ வேறு மொழி பேசும் குழுவுக்கோ கொடுப்பது உண்டு. பக்கத்துச் சபை ஒன்று ஆட்களை அனுப்பி அதே இடத்தில் சபையை மறுபடி நாட்டுவதும் உண்டு. ஆனால் இருக்கும் முதியவர்களை ஓரங்கட்டி இதைச் செய்தால் அது புதுப்பித்தல் ஆகாது, கட்டடத்தைப் பறிப்பது.

புதிய சபை எப்படிப் பிறக்கிறது?

அதிகம் காண்பது தாய்ச்சபை முறை. ஒரு சபை தன் அங்கத்தினர்களில் சில குடும்பங்களையும் ஓர் ஊழியரையும் பிரித்து அனுப்புகிறது. சொல்ல எளிது. பாடகர் குழுவின் நல்ல குரல், ஞாயிறு பள்ளியின் நல்ல ஆசிரியர், தவறாமல் தசமபாகம் கொடுக்கும் குடும்பம் எல்லாம் சேர்ந்து எழுந்து போகும்போதுதான் வலி தெரியும். அனுப்ப மனமில்லாத சபைகள் பலவீனமானவர்களைப் பார்த்து அனுப்புவதும் நடக்கிறது. அந்தியோகியா தன் முதல்தர ஆட்கள் இருவரை அனுப்பியது.

இன்னொரு முறையில், ஊழியர் ஒருவர் சபையே இல்லாத இடத்துக்குக் குடும்பத்தோடு போவார், பல சபைகள் சேர்ந்து தாங்கும். வீட்டு ஜெபக்குழு மெல்ல வளர்ந்து சபையாவதும் உண்டு. ஒரே போதகரின் கீழ்ப் பல இடங்களில் கூடும் கிளைமுறையைப் பாப்டிஸ்டுகள் சிலர் பின்பற்றுகிறார்கள், சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்ற கொள்கையோடு அது பொருந்தாது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். என் ஓட்டும் அவர்கள் பக்கம்தான்.

ஊர் விட்டு ஊர் போகும் தொழிலாளர்கள் வழியாகச் சபை பரவியதும் உண்டு. 1834 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே எல்ப் ஆற்றில் யோஹான் கெர்ஹார்ட் ஓங்கென் உட்பட ஏழு பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள், மறுநாளே சபையானார்கள். அதிகாரிகள் தொந்தரவு செய்தார்கள், ஓங்கென் சிறைக்கும் போனார். 1842இல் ஹாம்பர்க்கின் ஒரு பெரிய பகுதி தீயில் அழிந்தபோது, சபையார் தங்கள் கூடுமிடத்தை வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நகரத்தை மறுபடி கட்ட வெளியூர்களிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் விசுவாசிகளாகி, வேலை முடிந்து ஊர் திரும்பியபோது நற்செய்தியையும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பாப்டிஸ்டும் ஒரு மிஷனரி என்பது ஓங்கெனின் முழக்கம். அது வெறும் கோஷமாக இல்லாமல் போனதற்குக் காரணம் இந்தக் கைத்தொழிலாளர்கள்தான். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பாப்டிஸ்ட் சபைகள் வேர்விட்டதில் ஹாம்பர்க்குக்குப் பெரிய பங்கு உண்டு.

குழு எப்போது சபையாகிறது? போதுமான விசுவாசிகள் சேர்ந்து, விசுவாச அறிக்கையையும் உடன்படிக்கையையும் ஏற்று, கையெழுத்திட்டு, தங்கள் போதகரையும் உதவிக்காரர்களையும் தேர்ந்தெடுக்கும் நாளில். பக்கத்துச் சபைகளின் பிரதிநிதிகள் வந்து கேள்விகள் கேட்பார்கள், வலதுகை ஐக்கியம் கொடுப்பார்கள். அவர்கள் அனுமதி கொடுக்க வருவதில்லை, "உங்களை எங்கள் சகோதர சபையாக ஏற்கிறோம்" என்று சொல்ல வருகிறார்கள்.

பணம் பற்றித் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிவிட வேண்டும். முதல் ஆண்டு இவ்வளவு, அடுத்த ஆண்டு அதில் குறைத்து இவ்வளவு, இந்த ஆண்டோடு நிறைவு என்று. இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தாய்ச்சபை திடீரென்று நிறுத்தும், அல்லது கொடுத்துக்கொண்டே இருந்து கட்டளையிடவும் ஆரம்பிக்கும். தன்னைத் தானே தாங்குதல், தன்னைத் தானே ஆளுதல், தானே பெருகுதல் என்ற மூன்று இலக்குகளை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர்கள் ஹென்றி வென்னும் ரூஃபஸ் ஆண்டர்சனும். ஒருவர் ஆங்கிலிக்கன், மற்றவர் காங்கிரிகேஷனல். பாப்டிஸ்டுகள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, சரி, போகட்டும்.

வேறு சபைகளின் விசுவாசிகள் இடம் மாறி வந்து நிரம்பும் புதிய சபை வளர்ச்சிபோலத் தெரியும். அதில் ஒன்றும் புதிதாகச் சேரவில்லை. தனியே அனுப்பப்பட்ட ஊழியர் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் உடைந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது. இருவராக அனுப்புவது அப்போஸ்தலர் காலத்திலிருந்தே தெரிந்த மருந்து, செலவைக் காரணம் காட்டித்தான் விட்டுவிடுகிறோம்.

காணிக்கையும் பெண்களும்

பாப்டிஸ்ட் மிஷன் வரலாற்றில் பணம் திரட்டியவர்கள் பட்டியலை எடுத்தால் பெண்களே முன்வரிசை. பாஸ்டனில் சக்கர நாற்காலியில் இருந்த மேரி வெப் 1800இல் பெண்களின் மிஷனரி சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பாப்டிஸ்ட் பெண்களும் காங்கிரிகேஷனல் பெண்களும் அதில் இருந்தார்கள். 1888இல் அமெரிக்கத் தெற்கு பாப்டிஸ்ட் பெண்கள், சீனாவிலிருந்து மிஷனரி லாட்டி மூன் எழுதிய கடிதங்களால் தூண்டப்பட்டு, கிறிஸ்துமஸ் காணிக்கை எடுத்தார்கள். இலக்கு 2,000 டாலர். வந்தது 3,315 டாலர், மூன்று பேரை அனுப்பப் போதுமான தொகை. அந்தக் காணிக்கை இன்றும் அவர் பேரில் தொடர்கிறது.

பெரிய இலக்குகள் எப்போதும் இப்படி முடியவில்லை. அதே தெற்கு பாப்டிஸ்டுகள் 1919இல் ஐந்து ஆண்டில் 7.5 கோடி டாலர் என்று இலக்கு வைத்தார்கள். உற்சாகத்தில் 9.2 கோடி வாக்களிக்கப்பட்டது. வந்து சேர்ந்தது ஏறக்குறைய 5.8 கோடி. வாக்குறுதியை நம்பிச் செலவு செய்த அமைப்புகள் கடனில் மூழ்கின. அந்த அடியிலிருந்து 1925இல் வேறு முறைக்கு வந்தார்கள். ஒவ்வொரு சபையும் தன் வழக்கமான காணிக்கையில் ஒரு பங்கைத் தானே தீர்மானித்து ஒரே இடத்துக்கு அனுப்பும், அங்கிருந்து எல்லா ஊழியங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். மேடை உற்சாகம் தோற்ற இடத்தில் மாதாந்தரப் பழக்கம் நின்றது.

எண்ணிக்கை என்னும் சோதனை

ஆந்திரக் கரையில் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷனைப் பலன் இல்லை என்று மூடிவிடலாமா எனப் பலமுறை யோசித்தார்கள். பிறகு 1878 ஜூலை 3ஆம் தேதி ஓங்கோலுக்கு அருகே குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்த எண்ணை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன் நடந்தது அதைவிட முக்கியம். கொடும் பஞ்சக் காலம் அது. மிஷனரி ஜான் கிளாஃப் பக்கிங்காம் கால்வாய் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்து ஏழைகளுக்கு வேலை கொடுத்தார். அந்தக் காலம் முழுவதும் ஞானஸ்நானம் கேட்டவர்களைக் காக்கவைத்தார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வரக் கூடாது, வருகிறவர்களும் தங்களை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நிவாரணம் முடிந்த பிறகுதான் ஆற்றங்கரைக்குப் போனார்கள். மக்களில் பெரும்பாலோர் தலித் மக்களான மாதிகா சமூகத்தார், அவர்கள் நடுவே முன்பே உழைத்தவர் எர்ரகுண்ட்ல பேரையா போன்ற அவர்கள் ஆட்களே. உதவியையும் நற்செய்தியையும் பண்டமாற்றாக ஆக்காமல் இருக்க விரும்பும் எந்தச் சபைக்கும் அந்தக் காத்திருப்பு ஒரு பாடம்.

"எங்கள் சபையில் நாற்பது பேர்தான், எங்களால் என்ன முடியும்?" என்ற கேள்வி கடைசியில் வராமல் இருக்காது. தனியாக அதிகம் முடியாது, அது உண்மை. அமெரிக்காவில் 1707இல் ஃபிலடெல்பியா சங்கம் தொடங்கியபோது சேர்ந்தவை ஐந்தே சபைகள். சிறிய சபைகள் சேர்வதற்காகத்தான் சங்கமே. மூன்று சபைகள் சேர்ந்து ஒரு ஊழியரைத் தாங்கலாம். ஒரு சபை வாடகை, ஒரு சபை சம்பளத்தில் பாதி, இன்னொன்று மாதம் இருமுறை வந்து ஞாயிறு பள்ளி நடத்த ஆட்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊழியரை மூன்று சபைகளும் அழைத்து, அவர் சொல்வதை அங்கத்தினர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அறிக்கையைப் படித்துவிட்டுக் கைதட்டி அனுப்பாமல், "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்று அங்கே யாராவது கேட்க வேண்டும்.